இனிப்பைத் தள்ளும் பிள்ளை

வந்த கடிதம்

தலவாக்கலைக்குக் கிட்டிய ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். வயது 27. மலையில் கொழுந்து எடுப்பவர். பெயரும் தோட்டமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், ஆறு பக்கக் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

மகனுக்கு எட்டு மாதம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான். கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு ஒழுங்காக ஏறியிருக்கிறது. ஆறு மாதம் முடிந்ததும் சோற்றைக் குழைத்துக் கொடுத்தார், ஒரு கரைச்சலும் இல்லை. அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு பிள்ளையின் அப்பாயி, அதாவது தாயின் மாமியார், வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்தார். ரஸ்க்கைச் சீனி போட்ட தேத்தண்ணியில் நனைத்தும் ஊட்டினார். அன்றிலிருந்து தொடங்கியது.

"தின்னு அரை மணித்தியாலம் போகல, வாந்தி. உடம்பெல்லாம் வேர்த்து ஐஸ் மாதிரி குளிர்ந்துடும். தலை தொங்கிப் போகும். கூப்பிட்டா கண்ணைத் திறக்க மாட்டான். ரெண்டு நாளு வெறும் பால்ல கிடந்தா தெளிஞ்சிடுவான்" என்று எழுதியிருக்கிறார். நடுவில் காய்ச்சல் வந்து பாணி மருந்து கொடுத்தபோது நிலைமை இன்னும் மோசமானது.

இரண்டு தடவை வார்டில் இருந்திருக்கிறார்கள். முதல் தடவை சேலைன் ஏற்றி, வயிற்றுக் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாம் தடவை ஒரு இளம் வைத்தியர் "பிள்ளைக்கு இனிப்பு எப்போ குடுக்கத் தொடங்கினீங்க?" என்று கேட்டார். ஈரல் வீங்கியிருந்தது. இரத்தத்தில் சீனி குறைந்திருந்தது. சிறுநீரில் "ஏதோ சீனி" போகிறது என்றார்கள். துண்டில் "அல்டோலேஸ் பி" என்று எழுதிக் கேள்விக்குறி போட்டு, பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்குக் கடிதமும் தந்திருக்கிறார். அந்தக் கடிதம் மூன்று கிழமையாகப் பெட்டிக்குள் கிடக்கிறது. "ஊசி குத்திக் குத்தியே பிள்ளை மெலிஞ்சிட்டான், இனி எங்கேயும் வேணாம்" என்கிறார் கணவர். தாய்ப்பால்தான் கெட்டுப்போனது, நிறுத்திவிட்டுப் பால்மா கொடு என்கிறார் மாமியார். கோடாங்கி பார்த்து, விபூதியைத் தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொல்லியிருக்கிறார்.

தாயின் கேள்விகள்: இது சீனி வருத்தமா? பாலை நிறுத்தவா? மலைக்கு மருந்தடித்ததால் பால் கெட்டதா? சீனிதான் ஆகாதென்றால் சக்கரை, தேன், கித்துள் பாணி கொடுக்கலாமா? சொந்த அத்தை மகனைக் கட்டியதால் வந்ததா, இனி ஒரு பிள்ளை பெறலாமா? கொழும்பிலுள்ள உறவினர் ஒருவர், பழச்சீனித் தண்ணீர் குடிக்கவைத்துப் பார்க்கும் பரிசோதனை ஒன்று தனியாரிடம் இருக்கிறது என்கிறார், செய்யலாமா?

கடிதத்தின் கடைசிப் பக்க ஓரத்தில் ஒரு வரி: "மூத்தவளுக்கு ஆறு வயசு. அவளும் சின்னதுல இருந்து இனிப்பே தொட மாட்டா. டொஃபி குடுத்தா துப்பிடுவா. அடம் புடிச்சவ."

என் பதில்

தங்கச்சி, அந்த ஓர வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். உங்கள் மகள் அடம்பிடிக்கிறவள் இல்லை என்றே நினைக்கிறேன். தம்பி வாந்தியால் சொல்வதை அவள் டொஃபியைத் துப்பிச் சொல்கிறாள். பெரியவர்கள் நமக்குத்தான் அது விளங்கவில்லை.

கடிதத்தை வைத்து யாரும் நோயை உறுதிப்படுத்த முடியாது. பிள்ளையைத் தொட்டுப் பார்க்காமல் நானும் அப்படிச் செய்ய மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒழுங்கு, அந்த இளம் வைத்தியர் சந்தேகித்த நோயோடு மிக நெருக்கமாகப் பொருந்துகிறது. பரம்பரையாக வரும் பழச்சீனி சகிப்பின்மை என்று அதைச் சொல்லலாம். பழச்சீனி என்பது பிரக்டோஸ். பழத்திலும் தேனிலும் அது அப்படியே இருக்கிறது. கடையில் வாங்கும் வெள்ளைச் சீனியில் பாதி குளுக்கோஸ், மறுபாதி பிரக்டோஸ். குடலுக்குள் போனதும் இரண்டும் பிரிந்துவிடும். ஆகவே ஒரு கரண்டி சீனி கொடுத்தால் அரைக் கரண்டி பழச்சீனி கொடுத்ததாகத்தான் கணக்கு.

அல்டோலேஸ் பி என்பது ஒரு நொதியத்தின் (என்சைமின்) பெயர். ஈரலிலும் சிறுநீரகத்திலும் சிறுகுடலிலும் வேலை செய்வது. அதன் வேலையை உங்களுக்குத் தெரிந்த ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, வைத்தே சொல்கிறேன். மலையிலிருந்து வரும் கொழுந்தை மடுவத்தில் நிறுத்து, சாக்கில் கட்டி, ஸ்டோருக்கு அனுப்புகிறார்கள். அங்கே சாக்கை அவிழ்த்துக் கொழுந்தைக் கொட்டினால்தான் வெறுஞ்சாக்கு மலைக்குத் திரும்பி வரும். ஈரலுக்குள் வரும் பழச்சீனியும் அப்படித்தான். வந்த உடனே அதோடு ஒரு பொஸ்பேட் ஒட்டப்படுகிறது. அந்தப் பொஸ்பேட்தான் சாக்கு. பிரக்டோஸ்-1-பொஸ்பேட் என்ற அந்தக் கட்டை இரண்டு துண்டாக உடைத்து அடுத்த வேலைக்கு அனுப்புவது அல்டோலேஸ் பி. அந்த நொதியம் பழுதாகப் பிறந்த பிள்ளைக்குக் கட்டு அவிழாது. சாக்கு சாக்காக உள்ளே குவியும். பழச்சீனி வர வர இருக்கிற சாக்கெல்லாம் அதிலேயே முடங்கிப் போகும்.

பிள்ளை துவளும் காரணம் இங்கேதான் இருக்கிறது. உடம்பின் சக்திக்கு நாணயம் போன்ற ஏடிபியைச் செய்யவும் அதே பொஸ்பேட்தான் வேண்டும். அது முடங்கினால் ஈரலுக்குச் சக்தி இல்லை. அதோடு, குவிந்து நிற்கும் பிரக்டோஸ்-1-பொஸ்பேட் இன்னொரு கெடுதலும் செய்கிறது. பசி நேரத்துக்கென்று ஈரல் சேர்த்து வைத்திருக்கும் குளுக்கோஸை வெளியே விடாமல் தடுக்கிறது; புதிதாகக் குளுக்கோஸ் செய்யும் வழியையும் அடைக்கிறது. அதனால்தான் இனிப்புத் தின்ற பிள்ளைக்கு இரத்தத்தில் சீனி குறைகிறது. வேர்ப்பதும் குளிர்வதும் தலை தொங்குவதும் அதனால்தான். சீனி தின்று சீனி குறைவதைக் கேட்டால் யாருக்கும் தலை சுற்றும், உங்கள் வீட்டார் குழம்பியதில் பிழையில்லை.

சீனி வருத்தம் அல்ல

நீரிழிவில் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும். உங்கள் மகனுக்கு இறங்கியிருக்கிறது. சிறுநீரில் சீனி என்று சொன்னதும் உங்களுக்குப் பயம் வந்திருக்கும். நீரிழிவில் சிறுநீரில் போவது குளுக்கோஸ், அதைச் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டிச் சோதனை காட்டிவிடும். பழச்சீனியைக் குளுக்கோஸ் பட்டி காட்டாது, செம்பு சேர்ந்த கரைசலில் சூடாக்கிப் பார்க்கும் பழைய சோதனை காட்டும். "ஏதோ சீனி" என்று வார்டில் சொன்னது அதனாலாக இருக்கலாம். ரிப்போட்டைப் பேராதனைக்கு எடுத்துப் போங்கள், அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

இந்த வித்தியாசம் உங்களுக்கு மிக முக்கியம். குளுக்கோஸ் உங்கள் மகனுக்கு எதிரி அல்ல. சோற்றிலுள்ள மாச்சத்து குளுக்கோஸாகத்தான் மாறும், அது அவனுக்கு நல்லது. "சீனி ஆகாது" என்று பயந்து சோற்றையும் நிறுத்திவிடாதீர்கள்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்

தாய்ப்பாலின் சீனி லக்டோஸ். அது உடைந்தால் குளுக்கோஸும் கலக்டோஸும் வரும், பழச்சீனி வராது. பாலிலுள்ள கலக்டோஸைக் கையாள முடியாத இன்னொரு பரம்பரை நோய் உண்டு. அதுவானால் பிறந்த சில நாட்களிலேயே பிள்ளை மஞ்சளாகிச் சோர்ந்துவிடும். உங்கள் மகன் ஆறு மாதம் உங்கள் பாலை மட்டும் குடித்து நிறை கூடியிருக்கிறான். கிளினிக் கொப்பியின் கோடே உங்கள் பாலுக்குச் சாட்சி. அதை உங்கள் மாமியாருக்கு விரித்துக் காட்டுங்கள். எந்த மாதத்தில் கோடு சரிகிறது, எந்த மாதத்தில் வாழைப்பழம் தொடங்கியது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாயால் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாதது அந்தக் கோட்டைப் பார்த்தால் ஏறும்.

மலைக்கு மருந்தடித்ததால் பால் கெட்டதோ என்றும் கேட்டிருந்தீர்கள். மருந்தடித்த இடத்துக்கு உடனே போகாமலிருப்பது உங்கள் சொந்த உடம்புக்கு நல்லது, அது வேறு விஷயம். ஆனால் இனிப்புக் கொடுத்த நாளில் மட்டும் வந்து, வெறும் பால் கொடுத்த நாளில் போகிற வருத்தத்துக்கு அது காரணமாகாது. நீங்கள் குடிக்கும் தேத்தண்ணியிலுள்ள சீனியும் பால் வழியாகப் பிள்ளைக்குத் தீங்கு செய்யும் அளவில் போகாது. நீங்கள் வழக்கம்போல் சாப்பிடுங்கள், குடியுங்கள்.

பால்மாவுக்கு மாறுவதில்தான் ஆபத்து இருக்கிறது. சில குழந்தைப் பால்மாக்களில், முக்கியமாகச் சோயாவில் செய்தவற்றிலும் லக்டோஸ் நீக்கியவற்றிலும், வெள்ளைச் சீனி சேர்ப்பதுண்டு. நல்லது என்று நினைத்து நஞ்சை வாங்கிக் கொடுத்ததாகிவிடும்.

வேலைக்குப் போய்க்கொண்டு பால் கொடுப்பது எப்படி என்று கேட்பீர்கள். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு 9 மணித்தியாலத்துக்குள் இரண்டு தடவை பாலூட்ட நேரம் விட வேண்டும். பிள்ளைக்காம்பரா (வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) இருக்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் குறைந்தது அரை மணித்தியாலம், இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலம். இது சலுகை இல்லை, உரிமை. தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடமோ உங்கள் சங்கத் தலைவரிடமோ கேட்டுப் பெறுங்கள்.

சக்கரை, தேன், பாணி எல்லாமே அதே சீனிதான்

இயற்கையானது என்பதால் தேன் ஆகும், கித்துள் ஆகும் என்ற எண்ணம் எங்கும் இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு அது உயிராபத்து. தேனில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு பழச்சீனி. கித்துள் பாணியும் கருப்பட்டியும் சக்கரையும் பெரும்பாலும் வெள்ளைச் சீனியின் அதே பொருள்தான், நிறம் மட்டும் வேறு. தேனில் குழைத்த விபூதியை இன்றோடு நிறுத்துங்கள். விபூதி பூச வேண்டுமென்றால் நெற்றியில் பூசுங்கள், அதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. ஒரு வயதுக்கு முன் தேன் எந்தப் பிள்ளைக்குமே கூடாது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், அதற்குக் காரணம் வேறொரு கிருமி.

"ஒரு துளிதானே" என்று அப்பாயி சொல்லக்கூடும். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். இந்த நோயுள்ளவர்களுக்கு ஒரு கிலோ நிறைக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் பழச்சீனிக்குக் கீழே நிற்க வேண்டும் என்பார்கள். பிள்ளை ஒழுங்காக வளர அதிலும் பாதிக்குக் கீழே இறக்குவது நல்லது. உங்கள் மகன் 8 கிலோ என்றால் 320 மில்லிகிராம்தான் உச்சம். ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம், அதில் பழச்சீனி 2,000 மில்லிகிராம். ஒரே கரண்டியில் ஆறு நாள் அளவைத் தாண்டிவிடுகிறோம்.

பழங்கள் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். மரக்கறியில்தான் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சிரமம். நுவரெலியாவின் பெயரைச் சொல்லி நாடெல்லாம் விற்கும் கேரட்டும் பீட்ரூட்டும் இந்தப் பிள்ளைக்கு ஆகாது, இரண்டிலும் சீனி அதிகம். பூசணி, வற்றாளங்கிழங்கு, தக்காளி, வெங்காயம், பச்சைப் பட்டாணி ஆகியவையும் வேண்டாம். இளநீரும் தம்பிலியும் குளிர்ச்சிக்கு என்று கொடுப்பார்கள், அவற்றிலும் பழச்சீனி உண்டு. சோறு, முட்டை, மீன், கோழி, பசுப்பால், இனிப்பு சேர்க்காத தயிர், நெய் இவற்றால் பயமில்லை. ஒவ்வொன்றையும் எந்த மாதத்தில் தொடங்குவது என்பதைக் கிளினிக்கில் கேளுங்கள். கீரை வகைகள், உருளைக்கிழங்கு, பருப்பு, தேங்காய்ப்பால் எவ்வளவு என்பதைப் பேராதனையில் உணவு ஆலோசகர் பிள்ளையின் நிறையைப் பார்த்துச் சொல்வார், அதுவரை இவற்றைத் தொடங்க வேண்டாம். திரிபோஷா என்ற சத்துமாவும் அப்படியே. அதிலுள்ள சோயாவில் இயல்பாகவே கொஞ்சம் சீனி உண்டு, உருண்டை பிடிக்கும்போது நம் வீடுகளில் சக்கரையும் சேர்ப்போம். கேட்காமல் கொடுக்காதீர்கள்.

பழமும் பல மரக்கறியும் இல்லாமல் வளரும் பிள்ளைக்கு விற்றமின் சி குறையும். அதற்குச் சீனி சேராத துளி மருந்து எழுதித் தரச் சொல்லுங்கள். சப்பித் தின்னும் இனிப்பு விற்றமின் குளிசைகள் ஆகாது.

பாணி மருந்து, ஜீவனி, மயக்க நேரம்

நான் மிகவும் கவலைப்படுவது இதில்தான். சாப்பாட்டில் சீனியை நிறுத்திய பெற்றோரும் மருந்தில் ஏமாந்து போவார்கள். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் கொடுக்கும் பாணி மருந்துகள் பலவற்றில் சீனி இருக்கும். "சீனி இல்லாதது" என்று எழுதியிருப்பவற்றிலும் சில வேளை சோர்பிட்டோல் என்ற இனிப்பு இருக்கும். உடம்புக்குள் போனதும் ஈரல் அதைப் பழச்சீனியாகவே மாற்றிவிடும். காய்ச்சல் மருந்து குடித்து உங்கள் மகன் மோசமானதற்கு இது காரணமாக இருக்கலாம். இனி எந்த மருந்தை யார் கொடுத்தாலும் "இதில் சீனி இருக்கிறதா, சோர்பிட்டோல் இருக்கிறதா, பிரக்டோஸ் இருக்கிறதா" என்ற மூன்று கேள்வியையும் கேளுங்கள். டிஸ்பென்சரியில் வெட்கப்பட வேண்டாம். குளிசையைப் பொடித்துக் கொடுக்கலாமா, மலவாசல் வழி வைக்கும் மருந்து உண்டா என்று கேளுங்கள்.

வயிற்றோட்டம் வந்தால் வீட்டில் உப்பும் சீனியும் கரைத்துக் கொடுப்பது நம் வழக்கம். இந்தப் பிள்ளைக்கு அது கூடவே கூடாது. ஜீவனி போலக் குளுக்கோஸ் சேர்ந்த பக்கற்றைத்தான் கரைக்க வேண்டும், வாங்கும்போது அதில் வேறு சீனி சேரவில்லை என்று வாசித்துப் பாருங்கள்.

பிள்ளை வேர்த்துத் துவண்டால் நாக்கில் சீனி தடவுவதும் நம் வழக்கம்தான். அதையும் மறந்துவிடுங்கள், எரிகிற நெருப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவது போல அது. வேறு சீனியோ சுவையோ சேராத வெறும் குளுக்கோஸ் மா வீட்டில் இருக்கட்டும். விழிப்பாக இருந்து விழுங்கக்கூடிய நிலையென்றால் அதைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், அல்லது தாய்ப்பால் கொடுங்கள். கண் திறக்காவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 1990-க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வைத்தியசாலையில் முதல் வார்த்தையாக நோயின் பெயரைச் சொல்லுங்கள். நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றினால் பிள்ளை தெளிவான். பிரக்டோஸோ சோர்பிட்டோலோ சேர்ந்த திரவத்தை ஏற்றினால் உயிரே போகலாம். வேறு நாடுகளில் அப்படி உயிர் போனதுண்டு. நோய் உறுதியானதும் இதையெல்லாம் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டையில் எழுதித் தரச் சொல்லிப் பேராதனையில் கேளுங்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் அதை ஒட்டிவிடுங்கள்.

தடுப்பூசிகளை நிறுத்த வேண்டாம். ஆனால் தனியாரிடம் வாயால் கொடுக்கும் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து கொடுக்கச் சொன்னால், நோயைச் சொல்லி மறுத்துவிடுங்கள், அதில் சீனி சேர்கிறது.

குடிக்கவைத்துப் பார்க்கும் பரிசோதனை வேண்டாம்

உங்கள் உறவினர் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். பழச்சீனி குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் வயிறு ஊதும் ஒரு சாதாரணக் கோளாறு உண்டு. அதற்குப் பழச்சீனித் தண்ணீர் குடிக்கவைத்து மூச்சை ஊதச் சொல்லிப் பார்ப்பார்கள். அந்தக் கோளாறு வேறு, இது வேறு. அல்டோலேஸ் பி பழுதான பிள்ளைக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்தால் பரிசோதனை மேசையிலேயே சரிந்துவிடும். இன்று இதை உறுதிசெய்யப் பாதுகாப்பான வழி, கொஞ்சம் இரத்தம் எடுத்துப் பரம்பரை அலகை (ஜீனை) பார்ப்பது. முடிவு வரக் காலமெடுக்கலாம். முடிவு வரட்டும் என்று சீனியோடு காத்திருக்காதீர்கள், முதலில் சீனியை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு சில நாட்களில் பிள்ளை தெளிந்து, கிழமைக்கணக்கில் ஈரல் வீக்கம் வற்றினால், அதுவே வைத்தியர்களுக்குப் பெரிய துப்பு.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. தம்பி, பிள்ளை மெலிந்தது ஊசியால் அல்ல. பரிசோதனைக்கு எடுக்கும் இரத்தம் ஒரு தேக்கரண்டிகூட வராது. ஈரலையும் சிறுநீரகத்தையும் நாளுக்கு நாள் அரிப்பது ரஸ்க்கிலும் பழத்திலும் போகும் சீனிதான். அது தொடர்ந்தால் வளர்ச்சி நின்று, ஈரல் செயலிழந்து, பிள்ளை கையைவிட்டுப் போகும் நோய் இது. நிறுத்தினாலோ மற்றப் பிள்ளைகளைப் போல ஓடி ஆடி, படித்து, முழு ஆயுளும் வாழலாம். சத்திரசிகிச்சை இல்லாமல், ஆயுளுக்கும் மருந்து இல்லாமல், சாப்பாட்டால் மட்டுமே இப்படிக் காப்பாற்றக்கூடிய பரம்பரை நோய்கள் அதிகம் இல்லை. நாளைக்கு ஒரு பேர், ஒரு நாள் சம்பளம், போனால் போகட்டும். அந்தக் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுங்கள். சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை அரசாங்க வைத்தியசாலை, பார்ப்பதற்குக் காசில்லை.

யாருடைய குற்றம்?

ஒருவருடையதும் அல்ல. இந்த நொதியத்தைச் செய்யும் பரம்பரை அலகு எல்லோருக்கும் இரண்டு பிரதி இருக்கும், ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. ஒரு பிரதி பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்டவருக்கு அது தெரியவே வராது. இரண்டும் பழுதாக வந்தால்தான் நோய். ஆகவே இது உங்கள் வம்சத்தால் வந்தது என்று மாமியார் சொன்னால், பாதி அவர் மகன் வழியாக வந்தது என்பதே உண்மை. சண்டைக்காகச் சொல்லவில்லை, பழி ஒரு பக்கம் மட்டும் விழக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். சொந்தத்தில் கட்டினால் ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து ஒரே பழுதான பிரதி இருவருக்கும் வந்திருக்கும் வாய்ப்புக் கூடும். ஆனால் சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. ஐரோப்பாவில் 20,000 முதல் 30,000 பிறப்புக்கு ஒன்று என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகள் அல்ல.

இனி ஒரு பிள்ளை பெறலாமா என்று கேட்டீர்கள். நோய் உறுதியானால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு நோய் வரும், மூன்று வாய்ப்பு வராது. ஒரு பிள்ளைக்கு வந்ததால் அடுத்ததற்கு வராது என்றோ, கட்டாயம் வரும் என்றோ இல்லை. பெறுவதும் விடுவதும் நீங்கள் இருவரும் எடுக்கும் முடிவு. அதில் நானோ மாமியாரோ தலையிட இடமில்லை. பெற்றால், பிறந்த நாளிலிருந்தே ஒரு சொட்டுச் சீனித் தண்ணீரும் நாக்கில் படாமல் தாய்ப்பாலோடு வைத்திருந்து பரிசோதித்துக்கொள்ளலாம். முன்கூட்டியே தெரிந்த பிள்ளைக்கு இந்த நோய் பெரிய ஆபத்துச் செய்யாது. உங்கள் மகனைப் போல ஒருமுறைகூட அது துவள வேண்டியதில்லை.

மூத்தவள்

1956-இல் இலண்டனில் சேம்பர்ஸ், பிராட் என்ற இரு வைத்தியர்கள் இந்த நோயை முதன்முதலில் எழுதி வைத்தபோது அவர்கள் பார்த்தது ஒரு குழந்தையை அல்ல, 24 வயதுப் பெண்ணை. அந்த வயதுவரை ஒருவர் இந்த நோயோடு உயிர்வாழ முடிந்தது எப்படி? இனிப்பு நாக்கில் பட்டதும் வரும் குமட்டலை உடம்பு நினைவில் வைத்துக்கொள்கிறது. பிள்ளை தானாகவே தள்ளத் தொடங்குகிறது. அடித்து ஊட்டாமல் விட்டால் அந்தத் தள்ளலே அதைக் காப்பாற்றுகிறது. இப்படித் தப்பி, தன் பிள்ளைக்கு நோய் கண்ட பிறகு தனக்கும் அதுதான் என்று அறிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் மகளுக்கும் இதே நோய் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு என்பது வெறும் கணக்கு. டொஃபியைத் துப்புகிறாள் என்று நீங்கள் எழுதிய பிறகு என் சந்தேகம் அதைவிடக் கூடுதல். ஒரு காரியம் செய்யுங்கள், அவள் பற்களைப் பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் பலருக்குச் சொத்தைப்பல் இருக்கும். இந்த நோயுள்ளவர்களுக்குப் பற்கள் பெரும்பாலும் சொத்தையில்லாமல் இருக்கும், சீனியே தொடாததால். பாடசாலையில் பல் பார்க்க வந்தவர்கள் அவள் பல்லைப் புகழ்ந்தார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரிசோதனைதான் முடிவு சொல்ல வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அவள் தின்னும் சீனி வெளியே வாந்தி காட்டாமலே ஈரலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம், வளர்த்தியையும் குறைத்திருக்கலாம்.

அதுவரை அவளை எதற்கும் வற்புறுத்தாதீர்கள். கோயிலில் பஞ்சாமிர்தத்தைக் கையில் வாங்கிக் கும்பிட்டுவிட்டு அப்பாவிடம் கொடுத்தால் போதும், சாமி கோபிக்காது. தைப்பொங்கலுக்குப் பானையில் சக்கரை போடும் முன் இரண்டு பிள்ளைகளுக்கும் கொஞ்சம் வெண்பொங்கலாக எடுத்து வையுங்கள். வகுப்பு டீச்சரிடம், பிறந்தநாள் டொஃபியை இவளுக்குக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைக்காம்பரா ஆயாவிடமும் மகனைப் பற்றி இதே விஷயத்தைச் சொல்லி, வீட்டிலிருந்து கொண்டு போகும் டப்பாவைத் தவிர வேறெதுவும் ஊட்டக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அன்புதான் ரகசியமாக ஒரு பிஸ்கட்டை வாயில் வைக்கும். அப்பாயியையும் அப்படித்தான் பார்க்கிறேன். அவர் கெடுதல் நினைத்து ஊட்டவில்லை. அவரைக் குற்றவாளியாக்காமல் பேராதனைக்கு உங்களோடு கூட்டிப் போங்கள். பேரனின் ஈரலைத் தொட்டுக் காட்டி வைத்தியர் சொல்வதை அவர் காதாலேயே கேட்கட்டும்.

போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: அந்தக் கடிதம், இரண்டு தடவையும் வார்டிலிருந்து தந்த அட்டைகள், கிளினிக் கொப்பி, காய்ச்சலுக்குக் கொடுத்த பாணி மருந்தின் போத்தல். எந்த நாள் என்ன ஊட்டினீர்கள், எவ்வளவு நேரத்தில் வாந்தி வந்தது என்று ஞாபகம் உள்ளதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் அதைத்தான் அருமையாகச் செய்திருக்கிறீர்கள், அதைப் பார்த்து எழுதினாலே போதும். மகளுக்கு அன்று பாடசாலை லீவு போட்டு அவளையும் கூட்டிப் போங்கள்.